வெளியீட்டுக் குறிப்பைக் கீழிருந்து படிக்கவும்

புதிய பதிப்பு வந்ததும் பலரும் மேலே போட்டிருக்கும் படங்களைத்தான் பார்க்கிறார்கள். நான் நேரே அடிப்பகுதிக்குப் போய்விடுவேன். எதை நிறுத்தியிருக்கிறார்கள், எந்தக் கணினியில் இனி ஓடாது, எத்தனை ஆண்டு பராமரிப்பார்கள் என்ற விவரமெல்லாம் அங்கேதான் இருக்கும். அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபிஸ் 25.8 வந்தது 2025 ஆகஸ்டில். கோப்புகள் வேகமாகத் திறக்கின்றன என்பது முன்னால் தெரிகிற செய்தி. விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றிலும் இனி ஓடாது என்பது பின்னால் இருக்கிற செய்தி. பழைய கணினியில் கடிதமும் பில்லும் அடித்துக்கொண்டிருக்கும் கடைக்காரருக்கு அந்த ஒரு வரி போதும், எதைச் செய்வது என்று முடிவெடுக்க.

லிப்ரே ஆபிஸின் எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 7.6 வரை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது, 2024-இல் சட்டென்று 24.2 ஆகிவிட்டது. ஆண்டும் மாதமும்தான் எண். 24.2 என்றால் 2024 பிப்ரவரி, 25.8 என்றால் 2025 ஆகஸ்ட். தன் கணினியில் இருப்பது எவ்வளவு பழையது என்று யாரையும் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம். எல்லா மென்பொருளும் இப்படி எண் போட்டால் நன்றாக இருக்கும்.

*

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் கணினியாக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம் என்று நன்றாக உழைக்கிற பெட்டிகள் இந்தக் கணக்கில் வெளியே நிற்கின்றன. அவற்றைப் பழைய இரும்புக்குப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம். அதன் 22 வரிசை 2029 வரை பராமரிப்பில் இருக்கும். குறைந்தது 2 ஜிபி ரேம், வசதியாக வேலை செய்ய 4 ஜிபி என்கிறார்கள். 4 ஜிபி மட்டும் இருந்தால் சினமன் பதிப்பு வேண்டாம், அதைவிட இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். உள்ளே இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், எந்த இயங்குதளம் என்று யோசிப்பதற்கு முன் அதைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். வேகத்தில் பாதிக்கு மேற்பட்ட குறை அந்த ஒரு மாற்றத்திலேயே தீரும்.

எல்லோரையும் மாறச் சொல்ல மாட்டேன். டேலியில் கணக்கு எழுதுபவருக்கு விண்டோஸ்தான். ஃபோட்டோஷாப் கோப்புகளை நாள் முழுக்க வாங்கியும் அனுப்பியும் பிழைப்பவருக்கும் அப்படியே. உலாவி, அஞ்சல், கடிதம், பாடல், படம் இவ்வளவுதான் வேலை என்பவர் தயங்கவே வேண்டாம்.

*

டெபியன் 13, இன்னொரு லினக்ஸ்: 2025 ஆகஸ்ட் 9. பெயர் ட்ரிக்ஸி. டெபியனின் எல்லாப் பதிப்புகளுக்கும் டாய் ஸ்டோரி படத்துப் பாத்திரங்களின் பெயர்தான்.

இதிலும் கீழே ஒரு வரி. 32-பிட் இன்டெல் கணினிகளுக்கு இனி கெர்னலும் கிடையாது, நிறுவியும் கிடையாது. ஃபயர்ஃபாக்ஸும் 32-பிட் லினக்ஸை 144-ஆம் பதிப்போடு நிறுத்திவிட்டது. நீண்டகால ஆதரவுப் பதிப்பான 140-க்கு மட்டும் 2026 செப்டம்பர் வரையாவது பாதுகாப்புத் திருத்தம் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். பழைய 32-பிட் நெட்புக் வைத்திருப்பவர் டெபியன் 12-இலேயே இருந்துகொள்ளட்டும். இணையத்தில் பணம் கட்டுவதை மட்டும் அதில் செய்ய வேண்டாம்.

எனக்குப் பிடித்த செய்தி வேறு. யூனிக்ஸ் வழிக் கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளை எண்ணித்தான் நேரம் சொல்கின்றன. அந்த எண்ணை 32 பிட்டில் வைத்தால் 2,147,483,647 வரைதான் இடம். 2038 ஜனவரி 19 அன்று அது நிரம்பும், அடுத்த விநாடி கணினியின் தேதி 1901 டிசம்பருக்குத் தாவிவிடும். டெபியன் 13-இல், 32-பிட் இன்டெல் நீங்கலாக, எல்லாக் கணினி வகைகளிலும் நேரத்துக்கு 64 பிட் ஒதுக்கிவிட்டார்கள். சின்ன மாற்றம்போலத் தெரியும். நேரத்தைத் தொடுகிற நிரல்தொகுப்புகளும் அவற்றை நம்பி நிற்பவையும் எல்லாம் மறுபடி தொகுக்கப்பட வேண்டும், ஒன்று விட்டாலும் மற்றது உடையும். பதின்மூன்று ஆண்டு தள்ளி வரப்போகும் ஒரு கோளாறுக்காக இவ்வளவு பேர் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள். எந்த விளம்பரப் படத்திலும் இது வராது.

*

ஜிம்ப் 3.0, படத் திருத்த மென்பொருள்: 2025 மார்ச் 16. அதற்கு முந்தைய பெரிய பதிப்பு 2.10 வந்தது 2018 ஏப்ரலில். ஏறக்குறைய ஏழு ஆண்டு.

அந்தக் காத்திருப்புக்கு ஈடான ஒன்று இதில் இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு படத்துக்கு மங்கல் வடிகட்டி போட்டால் அது படத்திலேயே ஊறிவிடும். சேமித்து மூடினால் முடிந்தது. இப்போது வடிகட்டி படத்தின் மேல் தனியாக நிற்கிறது. லேயர் பட்டியலில் அந்த லேயருக்குப் பக்கத்தில் ‘எஃப்எக்ஸ்’ என்ற குட்டிக் குறி தோன்றும். அதைத் தட்டினால் போட்ட வடிகட்டிகள் வரிசையாக விரியும். கண் குறியை அணைத்துப் பழைய படத்தைப் பார்க்கலாம், அளவைக் கூட்டிக் குறைக்கலாம், வேண்டாமென்றால் தூக்கிவிடலாம். ஜிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப்-இல் சேமித்தால் அடுத்த வாரம் திறந்தாலும் அப்படியே இருக்கும்.

அச்சகத்துக்கு அனுப்புபவர்கள் கவனிக்க: சிஎம்ஒய்கே நிறத்தில் ஏற்றுமதி செய்வது மேம்பட்டிருக்கிறது, ஆனால் படத்தை சிஎம்ஒய்கே நிறத்திலேயே வைத்து வரையும் வசதி இன்னும் இல்லை. அது வேண்டுமென்றால் க்ரிட்டா.

*

ஸ்க்ரைபஸ் 1.6. இது 2024-இன் தொடக்கத்தில் வந்தது, தமிழில் பத்திரிகையோ மலரோ போடுகிறவர்களிடம் போய்ச் சேரவே இல்லை. பக்க வடிவமைப்புக்கான மென்பொருள். முந்தைய நிலையான வரிசை 1.4, 2012-இல் வந்தது. அதில் தமிழ் யூனிகோடு எழுத்தைப் போட்டால் எல்லாம் குலைந்துபோகும்.

ஏன் என்று பார்க்க ‘கொ’ ஒன்று போதும். கணினிக்குள் அது க என்ற எழுத்தும் அதற்குப் பின் ஒரு ஒகரக் குறியுமாக இரண்டே இரண்டு எண்கள். திரையில் காட்டும்போது அந்த ஒரே குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய மென்பொருளுக்குள் ஒரு கருவி வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரே ஆபிஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் அந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரல்தொகுப்பு. ஸ்க்ரைபஸின் பழைய வரிசையில் அது இல்லை.

அதைக் கொண்டுவந்து சேர்த்தது ஓமான் நாட்டில் திறமூல மென்பொருளுக்காக வேலை செய்த ஒரு குழு. அவர்களுக்கு வேண்டியிருந்தது அரபு எழுத்து. அரபுக்குக் கதவு திறந்தபோது தமிழுக்கும் இந்திக்கும் சேர்ந்தே திறந்தது. 1.5 சோதனை வரிசையில் பல ஆண்டு இருந்த அந்த வேலைதான் 1.6-இல் நிலையான பதிப்பாகியிருக்கிறது. நமக்காக என்று யாரும் செய்யவில்லை, ஆனாலும் நமக்கு முழுதாகக் கிடைத்திருக்கிறது. மூலநிரல் திறந்திருப்பதன் பயனை இதைவிடத் தெளிவாக என்னால் காட்ட முடியாது.

நம் ஊர் டிடிபி கடைகளில் பாமினியும் வானவில்லும் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதற்குப் பழக்கம் ஒரு காரணம், லேஅவுட் மென்பொருளில் யூனிகோடு உடைந்தது இன்னொரு காரணம். இரண்டாவது காரணம் போய்விட்டது. ஒரு கோவில் மலரையோ பள்ளி ஆண்டு மலரையோ ஸ்க்ரைபஸ் 1.6-இல் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் போன்ற இலவச எழுத்துருக்களை வைத்து முழுக்க யூனிகோடில் போட்டுவிடலாம். அதன் கோப்பிலிருந்து பத்தாண்டு கழித்தும் ஒரு பெயரைத் தேடி எடுக்க முடியும். பாமினியில் அடித்தது அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்.

*

புதியது வந்த அன்றே போடுவது நல்லதல்ல என்று நான் சொல்வதற்கு 2024 மார்ச் 29 காரணம்.

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்னக் கருவி. ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும், இருப்பது யாருக்கும் தெரியாது. லாஸ்ஸே கோலின் என்பவர் ஊதியமில்லாமல், பெரும்பாலும் தனியாகவே, பல ஆண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பி, நம்பிக்கை பெற்று, துணைப் பராமரிப்பாளரும் ஆனார். இதற்கிடையில் வேறு பெயர்களில் சிலர் வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை இன்னொருவரிடம் கொடுங்கள் என்று கோலினை நெருக்கினார்கள். அவரோ தன் மனநலம் சரியில்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தார். 5.6.0, 5.6.1 என்ற இரண்டு பதிப்புகளில் திருட்டு வாசல் வைக்கப்பட்டது. அந்த வாசல் வழியாக, உரிய திறவுகோல் வைத்திருப்பவர் உலகில் எங்கிருந்தும் சர்வருக்குள் நுழைந்திருக்கலாம்.

அதைப் பிடித்து, அந்த மார்ச் 29 அன்று வெளியே சொன்னவர் ஆந்த்ரஸ் ஃப்ராய்ண்ட். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்பவர். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாகத் தன் சோதனைக் கணினிக்குள் போகும்போது அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அந்த அரை விநாடியை விட்டுவிடாமல் துருவிக்கொண்டே போய், எக்ஸ்இசட்டில் வந்து நின்றார். அதற்குள் டெபியனின் சோதனைக் கிளைகளிலும் ஃபெடோராவின் சோதனைப் பதிப்பிலும் அது நுழைந்திருந்தது. உபுண்டு 24.04-இன் பீட்டாவை ஒரு வாரம் தள்ளிப்போட்டு எல்லாவற்றையும் மறுபடி தொகுத்தார்கள். டெபியனின் நிலையான பதிப்பை வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர்களிடம் பழைய எக்ஸ்இசட்தான் இருந்தது.

இதைச் சொன்னால் சிலர் திறமூலம் ஆபத்து என்கிறார்கள். மூலநிரல் திறந்திருந்ததால்தான் வெளியாள் ஒருவரால் அடிவரை போய்ப் பார்க்க முடிந்தது. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. உலகமே நம்பியிருக்கும் ஒரு கருவியை ஒருவர் தனியாகச் சுமக்கிறார், அவர் களைத்துப்போனால் கேட்க ஆளில்லை. அதைப் பயன்படுத்திச் சம்பாதிக்கும் நிறுவனங்கள் அவருக்கு ஒரு துணையாளைச் சம்பளத்தோடு கொடுத்திருக்கலாம்.

*

இறக்கிய கோப்பைச் சரிபார்ப்பது. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்டின் தளத்துக்குள் ஆட்கள் புகுந்து, 17.3 சினமன் பதிப்பின் சுட்டியைத் தாங்கள் கெடுத்து வைத்த கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். அன்று இறக்கியவர்களில் எஸ்ஹெச்ஏ256 போலக் கைரேகைக் கணக்குப் போட்டு, முன்பே தெரிந்த மதிப்போடு ஒப்பிட்டவர் தப்பித்திருப்பார். லினக்ஸில் ‘எஸ்ஹெச்ஏ256சம்’ என்ற கட்டளைக்குப் பின் கோப்பின் பெயரைக் கொடுத்தால் 64 எழுத்துக்கொண்ட ஒரு வரிசை வரும். விண்டோஸில் ‘சர்ட்யூட்டில்’ அதையே செய்யும். முதல் நாலும் கடைசி நாலும் பார்த்தால் போதும் என்று விடாதீர்கள், முழுதும் ஒப்பிடுங்கள். ஒப்பிடும் பட்டியலே கெடுக்கப்பட்டிருக்கலாம் என்பதால்தான் கூடவே ஒரு மின்கையொப்பக் கோப்பும் வைக்கிறார்கள். அதையும் பார்க்கப் பழகிக்கொண்டால் நல்லது.

*

படிக்க, பார்க்க. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியலில் லிப்ரே ஆபிஸ், ஜிம்ப், இங்க்ஸ்கேப் என்று பலவற்றுக்குச் சிறுசிறு காணொளிகள், தமிழ்க் குரலிலும் இருக்கின்றன. பாதித் திரையில் காணொளி, மறுபாதியில் மென்பொருள், நிறுத்தி நிறுத்திச் செய்துபார்க்க வேண்டும் என்பது அவர்கள் முறை. கல்லூரி வாசலை மிதிக்காதவருக்கும் இது எட்டும்.

கணியம் 2012 முதல் தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவருகிறது. ‘எளிய தமிழில்’ என்று தொடங்கும் அவர்களின் மின்னூல்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தமிழில் நிரல் எழுதப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது இவற்றைத்தான்.

*

டெஸராக்ட். ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக்கும் கருவி. எச்பி நிறுவனத்தில் 1985-இல் தொடங்கியது, 2005-இல் திறமூலமானது. 2018-இல் வந்த 4-ஆம் பதிப்பிலிருந்து நரம்பியல் வலையை வைத்துப் படிக்கிறது, தமிழுக்கும் பயிற்சிக் கோப்பு உண்டு. 300 டிபிஐ-க்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, னை, ணா, றா வடிவங்கள் வரும் ஈய அச்சுப் புத்தகங்களில் தடுமாறுகிறது. அந்தப் பக்கங்களைக் கையால் திருத்தி, படத்தையும் திருத்திய எழுத்தையும் ஜோடியாகச் சேர்த்து வைப்பவர் பெரிய உபகாரம் செய்கிறார். அடுத்த பயிற்சிக்கு அதுதான் வேண்டும்.

*

நிறுவும் முன். இறக்கிய லினக்ஸை ரூஃபஸ் என்ற கருவி வைத்துப் பெண்டிரைவில் எழுதி, ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் அதிலிருந்தே கணினியை ஓட்டிப் பாருங்கள். பார்க்க வேண்டியவை: வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, லேப்டாப் மூடித் திறந்தால் எழுகிறதா, பிரிண்டரில் ஒரு பக்கம் வருகிறதா. பிறகு தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ் எம்17என் போட்டு, அதில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து ஒரு பத்தி அடித்துப் பாருங்கள். டைப்ரைட்டர் முறையும் ஒலிப்பு முறையும் அதிலேயே உண்டு, கை பழகியதை எடுத்துக்கொள்ளலாம். பிரிண்டர்தான் பெரும்பாலும் மக்கர் செய்யும். எச்பி என்றால் எச்பிலிப் என்ற திறமூல இயக்கி இருக்கிறது. மற்ற கம்பெனி என்றால் மாடல் எண்ணை முதலிலேயே தேடிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.