பழைய டிஸ்க் ஒரு மாதம் இருக்கட்டும்

சிவகாசியில் ஆடி பிறந்துவிட்டால் அச்சகங்களுக்குத் தூக்கம் கிடையாது. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பம் வெளிவரும். அன்றிலிருந்து மார்கழி வரை ஆர்டர் மேல் ஆர்டர். டிடிபி சிஸ்டங்கள் படுப்பதும் அந்தச் சீசனில்தான். வருடம் முழுக்க வாய் திறக்காத டிஸ்க், வேலை குவியும் நேரம் பார்த்து 'டிக்... டிக்...' என்று தாளம் போடும். இருபது வருடத்துக்கு மேலாக அந்தச் சத்தத்தோடு பிழைக்கிறேன். ஒரு டிஸ்க்கில் போட்டிருக்கும் சாஃப்ட்வேரை இன்னொரு டிஸ்க்குக்கு மாற்றுவது, சொன்னால் சின்ன வேலை. புதிதாக வருகிற பிள்ளைகள் முதலில் கெடுப்பது இதைத்தான். நான் முதலில் கெடுத்ததும் இதைத்தான்.

அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு அச்சகத்தில் சி டிரைவ் நிரம்பி வழிந்தது. புது 40 ஜிபி டிஸ்க்கை ஸ்லேவாக, அதாவது இரண்டாவது டிஸ்க்காகப் போட்டுவிட்டு வா என்று அனுப்பினார். அதோடு வந்திருக்கலாம். புரோகிராம் ஃபைல்ஸில் இருந்த அடோபி, கோரல் ஃபோல்டர்களைக் கட் செய்து புது டிஸ்க்கில் பேஸ்ட் செய்தேன். சி டிரைவில் இடம் வந்தது. முதலாளி டீ வாங்கித் தந்தார். டீ ஆறுவதற்குள் ஆபரேட்டர் அக்கா கூப்பிட்டார். பேஜ்மேக்கர் ஷார்ட்கட்டைத் தட்டினால் திரையில் டார்ச் லைட் ஒன்று சுற்றிச் சுற்றித் தேடுகிறது. ஃபோல்டருக்குள்ளேயே போய்த் தட்டினால் ஏதோ டிஎல்எல் காணோம் என்கிறது. கோரலும் எழும்பவில்லை.

அண்ணாச்சி வந்தார். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ரெஜிஸ்ட்ரியைத் திறந்து 'பேஜ்மேக்கர்' என்று தேடச் சொன்னார். ஒன்று வந்தது. எஃப்3 அழுத்தச் சொன்னார். இன்னொன்று. மறுபடி எஃப்3.

"எத்தன எடத்துல இருக்கு?"

"அறுவது வரைக்கும் எண்ணுனேன் அண்ணாச்சி, அப்புறம் விட்டுட்டேன்."

"வீடு மாறுனா ரேஷன் கார்டு, கேஸ் புக்கு, பேங்க் பாஸ்புக்கு எல்லாத்துலயும் விலாசம் மாத்தணும்லா தம்பி. நீ சாமான மட்டும் தூக்கிட்டுப் போய்ட்ட."

அந்த ஒரு வாக்கியத்தில் இந்தத் தொழிலின் பாதி இருக்கிறது. சாஃப்ட்வேர் அதன் ஃபோல்டருக்குள் மட்டும் குடியிருப்பதில்லை. விலாசம் ரெஜிஸ்ட்ரியில், பொது டிஎல்எல்கள் சிஸ்டம்32-இல், ஆள் பழக்கிவைத்த செட்டிங்குகள் அந்த யூசரின் அப்ளிகேஷன் டேட்டாவில். விண்டோஸுக்குள் இன்ஸ்டாலர் என்று மறைந்து கிடக்கும் ஃபோல்டரில் அதை ரிப்பேர் செய்யவும் நீக்கவும் வேண்டிய சரக்கு. இடம் அடைக்கிறதே என்று அந்த ஃபோல்டரை அழித்துவிட்டு வந்து நிற்பவர்கள் இன்றும் உண்டு. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த அப்டேட்டில் தெரியும்.

ஆகவே வழி இரண்டுதான். புது டிஸ்க்கில் விண்டோஸ் போட்டு, ஒவ்வொரு சாஃப்ட்வேராக முறைப்படி போட்டு, செட்டிங்குகளைப் பின்னால் கொண்டுவருவது ஒன்று. டிஸ்க்கை அப்படியே குளோன் போடுவது மற்றொன்று. சிஸ்டம் நன்றாக ஓடுகிறது, டிஸ்க் மட்டும் பழசு என்றால் குளோன். சிஸ்டமே வைரஸும் குப்பையுமாக இருந்தால் புதிதாகப் போடுவதுதான் நேர்மை. குப்பையைக் குளோன் போட்டுக் கொடுத்துக் காசு வாங்க அண்ணாச்சி விட்டதில்லை.

எதுவானாலும் ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் அரை மணி நேரம் ஆபரேட்டர் பக்கத்தில் உட்கார வேண்டும். வேலை செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். எந்த ஐகானைத் தொடுகிறார், எந்த பிரிண்டருக்கு அனுப்புகிறார், தமிழ் கீபோர்டு டைப்ரைட்டர் முறையா வேறா, பின்பக்கம் பிரிண்டர் போர்ட்டில் லைசென்ஸ் டாங்கிள் செருகியிருக்கிறதா. எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொள்வேன். "என்னென்ன சாஃப்ட்வேர் வச்சிருக்கீங்க?" என்று கேட்டால் யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். தினமும் தொடுவது அவர்கள் கண்ணில் படாது.

எங்கள் ஊர் வேலையில் பெரிய கண்டம் ஃபான்ட்தான். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட் நூற்றுக்கணக்கில் இல்லாத டிடிபி சிஸ்டம் அபூர்வம். ஒருமுறை பழைய டிஸ்க்கை ஸ்லேவாகப் போட்டு, அதன் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்த ஃபைல்களைக் கட்டளைத் திரை வழியாகப் புது விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்குக் காப்பி அடித்தேன். ஃபைல்கள் எல்லாம் இருந்தன. கல்யாணப் பத்திரிகையைத் திறந்தால் மாப்பிள்ளை பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கிறது. ஃபைல் போய்ச் சேர்ந்தாலும் ரெஜிஸ்ட்ரியில் பெயர் பதிவாகவில்லை என்றால் விண்டோஸுக்கு அந்த ஃபான்ட் கிடையாது. வேறு ஃபோல்டரில் வைத்து, கண்ட்ரோல் பேனல் வழியாக இன்ஸ்டால் செய்தபிறகு தமிழ் வந்தது.

தமிழ் வந்தும் வேலை முடியவில்லை. ஒரே பெயரில் இரண்டு ஃபான்ட் இருந்திருக்கிறது, நான் போட்டது மற்றது. எழுத்தின் அகலம் ஒரு மயிரிழை வேறு. பஞ்சாங்கப் பக்கத்தில் மேட்டர் ஓடி, ராகு காலம் கட்டத்துக்கு வெளியே போய் நின்றது. அக்கா கண்டுபிடித்துவிட்டார், நான் கண்டுபிடிக்கவில்லை. அன்று முதல் மாற்றும் முன் நான்கைந்து பழைய பக்கங்களை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்வேன். மாற்றியபின் அதே பக்கங்களை எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன்.

குளோன் போடுவதற்கு அந்தக் காலத்தில் கோஸ்ட். நியூசிலாந்துக்காரர்கள் எழுதியது, 1998-இல் சைமன்டெக் வாங்கியது. பிளாப்பியில் பூட் செய்தால் ஒரு சின்னக் கட்டம் வரும்: லோக்கல், டிஸ்க், டு டிஸ்க். பிறகு சோர்ஸ் எது, டெஸ்டினேஷன் எது என்று கேட்கும். எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் இதைவிடப் பயங்கரமான கேள்வி இல்லை. ஒருமுறை இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே 40 ஜிபி. மாற்றிக் கொடுத்துவிட்டேன். காலி டிஸ்க் நிறைந்த டிஸ்க்கின் மேல் ஏறிவிட்டது. காலி டிஸ்க்கைக் குளோன் போட எவ்வளவு நேரம் ஆகும்? கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. அவ்வளவு சீக்கிரம் முடிந்ததைப் பார்த்துத்தான் வயிற்றைப் பிசைந்தது.

டேட்டா பிழைத்தது அண்ணாச்சியின் பிடிவாதத்தால். குளோன் போடுவதற்கு முன் பார்ட்டியின் வேலை எல்லாம் சிடியில் ஏறியாக வேண்டும் என்பார். முந்தின நாள் பதினெட்டு சிடி எழுதியிருந்தேன், முனகிக்கொண்டே. சாஃப்ட்வேர் எல்லாம் போய்விட்டது. மூன்று ராத்திரி உட்கார்ந்து திரும்பப் போட்டோம், கூலி கிடையாது. மூன்றாம் ராத்திரி அவர் சொன்னார்: "டெஸ்டினேஷன்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் போயி ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வா." இன்றும் குடிக்கிறேன். புது டிஸ்க் முடிந்தவரை வேறு அளவில் வாங்குவேன். அதில் முதலில் 'புதுசு' என்று வால்யூம் பெயர் கொடுத்துவிடுவேன், திரையில் பார்த்தாலே தெரியும்.

அண்ணாச்சி டிஸ்க்கைப் பிடிப்பதே தனி. இரண்டு ஓரத்தையும் விரல்களால் தாங்குவார், அடியிலுள்ள சர்க்யூட்டில் கை படாது. பவர் கொடுத்ததும் உள்ளங்கையை அதன் முதுகில் வைத்து, சுழற்சி ஏறுவதைக் கேட்பார். ஃபிலிம் ரோல் டப்பா இரண்டு வைத்திருப்பார். ஹார்ட் டிஸ்க்குக்கான பெரிய புரி ஸ்க்ரூ ஒன்றில், சிடி டிரைவுக்கான சின்னப் புரி ஸ்க்ரூ மற்றதில். மாற்றிப் போட்டால் அலுமினியத்தில் புரி அழிந்துவிடும். ஸ்க்ரூவை முதலில் இடப்பக்கமாகத் திருப்புவார். 'டொக்' என்று புரி புரியில் விழுவது கைக்குத் தெரியும். அதற்கப்புறம்தான் வலப்பக்கம். டிஸ்க்கின் ஐடிஇ பின் வளைந்துவிட்டால் ஈயக்குச்சி இல்லாத மைக்ரோ டிப் பென்சிலை அதன்மேல் கவிழ்த்து நிமிர்த்துவார். இதையெல்லாம் அவர் சொல்லித் தந்ததில்லை. பக்கத்தில் நின்று டார்ச் பிடித்துப் பார்த்ததுதான்.

குளோன் முடிந்ததும் முதல் பூட் பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான். இதற்கும் ஒரு கதை உண்டு. எக்ஸ்பி சிஸ்டம் ஒன்றில் இரண்டையும் மாட்டியபடியே பூட் செய்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்குப் போனேன். மறுநாள் பழையதைக் கழற்றினால் லாகின் ஆகிறது, ஆன வேகத்தில் லாக்ஆஃப் ஆகிறது. மறுபடி லாகின், மறுபடி லாக்ஆஃப். விண்டோஸ் எந்த டிஸ்க்குக்கு எந்த எழுத்து என்று ரெஜிஸ்ட்ரியில் குறித்து வைத்திருக்கும். முதல் பூட்டில் பழைய டிஸ்க்கும் இருந்ததால் சி என்ற பெயர் அதற்கே நின்று, புதியது வேறு எழுத்தை வாங்கிக்கொண்டது. தேட வேண்டியதை இல்லாத சி-யில் தேடியது. முழு நாள் போனது.

ஃபோல்டரைக் காப்பி அடித்துச் சமாளிக்கலாம் என்பவர்களுக்கு இன்னொன்று. பழைய சாஃப்ட்வேர்கள் ரெஜிஸ்ட்ரியில் விலாசத்தை எட்டு எழுத்துக் குறும்பெயராக எழுதிவைக்கும். மைக்ரோசாஃப்ட் என்று தொடங்கும் ஃபோல்டர் மூன்று இருந்தால், உருவான வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வால் ஒட்டும். காப்பி அடிக்கும்போது வரிசை மாறினால் வாலும் மாறும். கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும், ஒன்று மட்டும் திறக்காது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

சாகக் கிடக்கும் டிஸ்க்குக்குக் குளோன் சாஃப்ட்வேர் ஆகாது. கெட்ட செக்டரில் முட்டிக்கொண்டு நின்று, இருக்கும் உயிரையும் வாங்கிவிடும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஒன்று உண்டு. சுலபமாக வருவதை முதலில் அள்ளிக்கொள்ளும், முரண்டு பிடிக்கும் இடத்தைக் குறித்து வைத்துவிட்டு நகரும். மற்றதெல்லாம் பத்திரமானபின் திரும்பி வந்து அந்த இடங்களைச் சுரண்டும். மேப் ஃபைல் இருப்பதால் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு காலண்டர் சீசனில் டேபிள் ஃபேனை டிஸ்க்கின் மேல் திருப்பிவைத்து இரண்டு பகல், இரண்டு ராத்திரி ஓட்டினேன். கடைசியில் மிஞ்சிய ஓட்டை சில மெகாபைட். ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. நான் வைத்ததில்லை. ஈரம் பட்ட டிஸ்க்கை யார் நம்புவது?

இப்போது வருவதெல்லாம் எஸ்எஸ்டி வேலை. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை 240 ஜிபி எஸ்எஸ்டிக்குள் அடக்கச் சொல்வார்கள். படங்களையும் பாட்டுகளையும் வெளியே எடுத்து, பார்ட்டிஷனைச் சுருக்கி, பிறகு குளோன். எக்ஸ்பி காலத்துப் பார்ட்டிஷன் 63-வது செக்டரில் தொடங்கும். அதை அப்படியே தூக்கி வைத்தால் எஸ்எஸ்டி தன் வேகத்தில் ஓடாது. 2048-க்குத் தள்ளி வைக்க வேண்டும். புது லேப்டாப் என்றால் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், 48 இலக்க ரெக்கவரி கீ கையில் இல்லாமல் தொடாதீர்கள். டேலி இருந்தால் லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டுத்தான் புது சிஸ்டத்தில் போட வேண்டும். இதை மறந்து ஒரு கணக்குப்பிள்ளையிடம் நான் வாங்கிய பேச்சு தனிக் கட்டுரை.

சி டிரைவை விட்டு நகர மாட்டேன் என்று அடம் பிடிக்கும் சாஃப்ட்வேருக்கு ஜங்ஷன் போடலாம். ஃபோல்டரை டி-க்கு மாற்றிவிட்டு, பழைய இடத்தில் அதே பெயரில் ஒரு இணைப்பு வைப்பது. சி-யில் பெயர்ப்பலகை, டி-யில் சரக்கு. அண்ணாச்சிக்கு இது பிடித்திருக்கும். அன்றைக்கு நான் செய்த தப்பைப் பாதி நியாயப்படுத்தும் கருவி அல்லவா.

மாற்றி முடித்த பழைய டிஸ்க்கை நான் உடனே அழிப்பதில்லை. காக்கிக் கவரில் போட்டு, பார்ட்டி பெயரும் தேதியும் எழுதி பீரோவில் வைத்துவிடுவேன். ஒரு மாதம். இடத்தை அடைக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். 2011-இல் தாய்லாந்து வெள்ளத்தில் டிஸ்க் விலை தாறுமாறாக ஏறியபோது, கவரில் கிடந்தவற்றை எடுத்து விற்கச் சொன்னவர்களும் உண்டு.

எக்ஸ்பி புதிதாகப் போட்டுக் கொடுத்த ஒரு அச்சகத்து முதலாளி இருபத்தாறாம் நாள் டிவிஎஸ் ஐம்பதில் வந்து இறங்கினார். "தம்பி, போன வருஷம் மெட்ராஸ் பார்ட்டி மெயில்ல அளவு அனுப்பியிருந்தாக. மெயிலே ஒண்ணுங் காணோம்."

அவுட்லுக் எக்ஸ்பிரஸ். மெயிலையெல்லாம் மறைந்த ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய் ஒளித்துவைக்கும் ஆசாமி. நான் நோட்டில் எழுதாமல் விட்டிருந்தேன். அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தபோது ஆபரேட்டர் மெயிலைத் திறக்கவே இல்லை, சீசனுக்கு ஒருமுறைதான் திறப்பாராம். கவரைப் பிரித்து, ஜம்பரை மாற்றி, ஸ்லேவாகப் போட்டேன். உள்ளங்கையை அதன் முதுகில் வைத்துப் பார்த்தேன், நல்ல சுழற்சி. டிபிஎக்ஸ் ஃபைல்கள் எல்லாம் இருந்தன. இம்போர்ட் செய்து அந்த மெயிலை எடுத்துக் கொடுத்தேன். முதலாளி பிரிண்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். டிஸ்க்கை மறுபடி கவரில் போட்டு, பழைய தேதியை அடித்துவிட்டு அன்றைய தேதியை எழுதினேன்.