நீலகிரியில் நாடக இசைத்தட்டுகள்: திரட்டுவோரும் பழுதுபார்ப்போரும்

நீலகிரியில் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கும் பழைய இசைத்தட்டுகளில் மேடை நாடகத்தைச் சார்ந்தவை இரண்டு வழிகளில் மலையேறியவை. முதல் வழி ஆங்கிலேயருடையது. சென்னை மாகாணத்தின் கோடைக்காலத் தலைநகராக உதகமண்டலம் விளங்கியதாலும், குன்னூர், கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களின் மேலாளர்களாக ஐரோப்பியர் விடுதலைக்குப் பின்னரும் சில காலம் நீடித்ததாலும், வெலிங்டனிலுள்ள பாதுகாப்புப் பணியாளர் கல்லூரிக்கு வெளிநாட்டு அதிகாரிகள் வந்து போனதாலும், லண்டன், நியூயார்க் மேடைகளில் அரங்கேறிய இசைநாடகங்களின் வினைல் தட்டுகள், அதாவது 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய, நிமிடத்துக்கு 33⅓ சுற்றுகள் சுழலும் ‘எல்.பி.’ என்னும் நெடுநேரத் தட்டுகள், இம்மலையின் பங்களாக்களிலும் கிளப்புகளிலும் சேர்ந்தன. இரண்டாம் வழி தமிழருடையது. சமவெளியிலிருந்து வேலை தேடி வந்த குடும்பங்களும், கடைவீதி வணிகர்களும், 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி, 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்களும், கோயில் திருவிழாக்களுக்கும் திருமணங்களுக்கும் பாட்டுப் போட்ட மைக்செட்காரர்களும் வைத்திருந்த தட்டுகளில், நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழலும் அரக்குத் தட்டுகளாக வள்ளி திருமணமும் கோவலனும் அரிச்சந்திராவும் இருந்தன.

இவ்விரு வகைகளும் இன்று ஒரே பழைய சாமான் கடையில், ஒரே மரப்பெட்டியில் கிடக்கின்றன. தோட்டத்து வீடு காலி செய்யப்படும்போது வியாபாரி தனித்தனியாகப் பார்த்து வாங்குவதில்லை. கட்டில், அலமாரி, கணப்புக் கம்பிகள் ஆகியவற்றோடு ரேடியோகிராமையும், அதாவது வானொலியும் தட்டு சுழற்றியும் ஒரே மரப்பேழைக்குள் அமைந்த கருவியையும், மொத்த விலை பேசி எடுத்துக்கொள்கிறார். பேழையின் கீழறையில் இருந்த தட்டுகள் இவ்வாறு கேட்பாரற்றுக் கடைக்கு வந்துவிடுகின்றன. அவற்றைப் பிரித்து, இன்னது இன்னதென்று அறிந்து, துடைத்து, கேட்டு, விலை சொல்வதே குன்னூரிலும் ஊட்டியிலும் மிகச் சிலர் மட்டும் செய்துவரும் தொழிலாக உள்ளது. அவர்களது பட்டறைகளையும் வீட்டுத் திரட்டுகளையும் நேரில் பார்த்ததிலிருந்து இங்கே எழுதப்படுவனவற்றில் முதன்மையானது இது: ஒரு நாடகத் தட்டின் மதிப்பை முடிவு செய்வது அதன் வயதைக் காட்டிலும், அதில் பதிவாகியிருப்பது எந்த மேடை, எவருடைய குரல் என்பதைத் திட்டமாகச் சொல்லக்கூடிய அறிவே ஆகும்.

இதற்கு ஆங்கிலத் தட்டுகளில் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ‘மை ஃபேர் லேடி’. அந்த நாடகம் 1956 மார்ச்சில் நியூயார்க்கில் அரங்கேறியது. அம்மாதமே ரெக்ஸ் ஹாரிசன், ஜூலி ஆண்ட்ரூஸ் ஆகியோர் பாடிய பதிவு, ஒலி ஒரே தடத்தில் அமைந்த ‘மோனோ’ முறையில் செய்யப்பட்டது. நாடகம் 1958இல் லண்டனுக்குச் சென்ற பிறகு, அதே முதன்மை நடிகர்களைக் கொண்டு 1959இல் மீண்டும் ஒரு பதிவு, இடமும் வலமும் பிரிந்தொலிக்கும் ‘ஸ்டீரியோ’ முறையில் எடுக்கப்பட்டது. 1964இல் திரைப்படம் வந்தபோது நாயகியாக ஆட்ரி ஹெப்பர்ன் நடிக்க, பெரும்பாலான பாடல்களை மார்னி நிக்சன் பின்னணியில் பாடினார். ஆக ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே பாடல் வரிசையில் மூன்று பதிவுகள் உள்ளன. அவற்றில் முதலிரண்டுமே மேடையைச் சேர்ந்தவை. உறையில் ஆட்ரி ஹெப்பர்னின் படம் இருப்பதைக் கண்டு கூடுதல் விலை சொல்லும் வியாபாரியும், அதே விலைக்கு வாங்கும் சுற்றுலாப் பயணியும் மேடைப் பதிவைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவது ஊட்டிக் கடைகளில் காணக்கூடியதே. ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ தட்டிலும் இதே குழப்பம் உண்டு: 1959 மேடையில் மேரி மார்ட்டின் பாடினார்; 1965 திரைப்படத்தில் ஜூலி ஆண்ட்ரூஸ் பாடினார். திரைப்படத் தட்டு உலகெங்கும் பெருந்தொகையில் விற்றதால் எளிதில் கிடைக்கிறது. எனவே அதற்குப் பெரிய விலை இருக்க நியாயமில்லை.

மேடையில் நடித்தவர்களே பாடிய பதிவை ‘ஒரிஜினல் காஸ்ட்’, அதாவது மூலக் குழுப் பதிவு என்பர். அமெரிக்காவில் இம்முறையை நிலைநாட்டியது 1943இல் டெக்கா நிறுவனம் ஆறு 78 சுற்றுத் தட்டுகளாக வெளியிட்ட ‘ஓக்லஹோமா!’. இப்படிப் பல தட்டுகளைத் தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றின் உறைகளில் செருகி விற்கும் வழக்கம் இருந்ததனாலேயே, ஒற்றைத் தட்டாகச் சுருங்கிவிட்ட எல்.பி.க்கும் ‘ஆல்பம்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

தமிழில் இதற்கு நிகரானது நாடக ‘செட்’. சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்களால் வளர்ந்த இசைநாடகம், ஊர்தோறும் கொட்டகை போட்டு நடத்திய கம்பெனிகளாலும், நடிகர்களைத் தனித்தனியே அழைத்து ஓரிரவுக்குச் சேர்த்து நடத்திய ‘ஸ்பெஷல் நாடக’ முறையாலும் பரவியிருந்த காலத்தில், எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் பாடிய தனிப்பாடல் தட்டுகள் விற்றுத் தீர்ந்தன. 1930களில் பாடலும் வசனமும் சேர்ந்த முழுக் கதையையே பல தட்டுகளில் தொடர்ச்சியாகப் பதித்து வெளியிடும் வழக்கம் வந்தது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடங்களைச் சற்றே தாண்டும் என்பதால், விடிய விடிய நடக்கும் நாடகம் அரைமணி அல்லது ஒருமணி நேரமாகச் சுருக்கப்பட்டது. பிற்காலத்தில் திரைப்பட முதலாளியாகப் புகழ்பெற்ற ஏ.வி. மெய்யப்பன் 1930களின் தொடக்கத்தில் கூட்டாளிகளுடன் சென்னையில் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஜெர்மானிய ஓடியன் முத்திரையில் தட்டுகளை வெளியிட்டதும் இத்துறையில்தான். ஒலிநாடாக் கருவி வராத அக்காலத்தில் மேடைக் குரல் தங்குவதற்கு அரக்குத் தட்டைத் தவிர வேறிடம் ஏறக்குறைய இல்லை. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது இருபத்தேழு, அவரது குரலென்று இன்று எஞ்சியிருப்பது இத்தட்டுகளே.

இங்கும் மேடையா, திரையா என்ற கேள்வி எழுகிறது. வள்ளி திருமணம் 1933இலும் பவளக்கொடி 1934இலும் திரைப்படங்களாயின. மேடை நடிகர்களே திரையிலும் நடித்தனர். படத்தின் ஒலித்தடத்திலிருந்து தட்டு தயாரிக்கும் வழக்கம் வேரூன்றுவதற்கு முன், பாடல்கள் தட்டுக்கெனத் தனியே மீண்டும் பாடப்பட்டன. ஆகவே வட்டத்தாளில், அதாவது தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் காகிதச் சீட்டில், நாடகத்தின் பெயர் இருப்பதனால் மட்டும் அது மேடைப் பதிவாகிவிடாது. அனுபவமுள்ள திரட்டாளர் வட்டத்தாளைப் படித்ததோடு நில்லாமல், அதைச் சுற்றியுள்ள வழவழப்பான விளிம்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்து, அங்கே பொறிக்கப்பட்டிருக்கும் ‘மேட்ரிக்ஸ்’ எண்ணையும், அதாவது அச்சு வார்க்கப்பட்ட மூலப் பதிவின் எண்ணையும் குறித்துக்கொள்கிறார். மறுபதிப்பில் வட்டத்தாள் மாறலாம், அட்டவணை எண்ணும் மாறலாம்; ஒரே மேட்ரிக்ஸ் எண் இருந்தால் ஒலி ஒன்றே.

கேட்டு அறியும் முறையொன்றும் உண்டு. அது தமிழ் நாடகக் கலைக்கே உரியது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை எட்ட வேண்டியிருந்ததால் நாடகக் கலைஞர்கள் மிக உயர்ந்த சுருதியில் பாடினர். கிட்டப்பாவின் ஐந்தரைக் கட்டை இன்றளவும் பேசப்படுகிறது. கட்டை என்பது ஆர்மோனியத்தில் ஆதார ஸட்ஜமாகக் கொள்ளும் கட்டையின் வரிசை எண். சாவி கொடுத்துச் சுழற்றும் கிராமபோன் பெட்டி சற்று வேகமாக ஓடினால் சுருதியும் ஏறிவிடும்: 78 சுற்றுக்குரிய தட்டு 82 சுற்றுகளைத் தாண்டிச் சுழன்றால் ஐந்து கட்டைப் பாட்டு ஐந்தரைக் கட்டையாகக் கேட்கும். ஆதலால் ஆர்மோனியத்தையோ சுருதிப் பெட்டியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாடகரின் வழக்கமான கட்டைக்கு வரும்வரை வேகத்தைத் திருத்தும் திரட்டாளர்களைக் குன்னூரில் காண முடிகிறது. விலை சொல்வதற்கு இவ்வளவு உழைப்பு தேவையில்லை, கேட்பதற்குத் தேவை.

மலையின் தட்பவெப்பம் இத்தொழிலுக்கு நண்பனும் பகைவனும் ஆகும். சமவெளிக் கோடையில் வளைந்துபோகும் வினைல் தட்டு, 1,800 மீட்டருக்கு மேலுள்ள குன்னூரிலும் அதனினும் உயரமான ஊட்டியிலும் நேராகவே நிற்கிறது. கணப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருந்தவை மட்டும் விளிம்பு நெளிந்து காணப்படுகின்றன. ஆனால் இரு பருவமழைகளும் மாறி மாறி நனைக்கும் இம்மலையில் பூஞ்சணம் ஓயாத தொல்லை. அது முதலில் காகித உறையைப் பற்றி, பிறகு வட்டத்தாளில் புள்ளி புள்ளியாகப் படர்ந்து, இறுதியில் ஒலி பதிந்த வரிப்பள்ளங்களில் இறங்குகிறது. துடைக்கும் முறை தட்டின் பொருளைப் பொறுத்தது. வினைல் தட்டை வடிநீரில் சிறிது ஐசோபுரொபைல் ஆல்கஹால் கலந்து துடைக்கலாம். பழைய தட்டோ அரக்குப் பூச்சியிலிருந்து கிடைக்கும் பிசினோடு கல்மாவும் கரியும் சேர்த்து அழுத்திச் செய்தது. அரக்கு ஆல்கஹாலில் கரையும் என்பதால், ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் ஒருமுறை துடைத்தாலே மேற்பரப்பு மங்கிப் பாட்டு பாழாகிவிடும். இந்த ஒரு வேற்றுமை தெரியாமல் அழிந்த தட்டுகள் ஏராளம். மிதமான சோப்பு நீரை மென்தூரிகையால் வரிப்பள்ளத்தின் வட்டப்போக்கிலேயே ஓட்டி, வட்டத்தாள் நனையாமல் மூடிக்கொண்டு, நல்ல நீரில் அலசி, நிழலில் நிறுத்தி உலர்த்துவதே முறை. இவ்வேலையைச் செய்பவரின் கையில் ஒரு தட்டு அரைமணி நேரம் தங்குகிறது. அதற்கு அவர் பெறும் கூலி அந்த நேரத்துக்குச் சற்றும் ஈடாகாது.

பழுதுபார்ப்பவரின் வேலை இன்னும் நுட்பமானது. சாவிப் பெட்டியின் சுருள்வில் அறுந்தால் அதே அகலத்தில் வில் கிடைப்பதில்லை. ஊசியின் அதிர்வை ஒலியாக மாற்றும் ‘சவுண்ட் பாக்ஸ்’ உள்ளே அபிரகத் தகட்டைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையம் காலத்தால் இறுகிப்போனால் குரல் கரகரக்கும். எஃகு ஊசியை ஒரு பக்கம் முடிந்ததும் மாற்ற வேண்டும் என்பது அக்காலத்திலேயே சொல்லப்பட்ட விதி. சிக்கனம் கருதி ஒரே ஊசியைப் பலமுறை பயன்படுத்திய வீடுகளின் தட்டுகளில் பள்ளங்கள் சாம்பல் நிறமாகத் தேய்ந்து தெரிகின்றன. அரக்குத் தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு ஏறத்தாழ மூன்று மில், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவுள்ள ஊசிமுனை வேண்டும். எல்.பி.க்குரிய ஒரு மில் முனை அதன் அடியில் உரசிக்கொண்டு இரைச்சலையே தரும். இதனால் மின்சுழற்றியில் கேட்டு ‘இது போய்விட்டது’ என்று ஒதுக்கப்பட்ட தட்டுகள் உரிய ஊசியில் நன்றாகவே பாடுவதுண்டு.

விலை நிர்ணயத்தில் உலகெங்கும் ‘மின்ட்’, ‘நியர் மின்ட்’, ‘வெரி குட்’ என்னும் படிநிலைகள் வழங்குகின்றன. அதாவது புதியதற்கு ஒப்பானது, ஏறக்குறைய அத்தகையது, கீறல் கேட்டாலும் இசை கெடாதது என்ற வரிசை. கிளப் முத்திரையோ உரியவரின் கையெழுத்தோ உறையில் இருந்தால் வெளிநாட்டு முறையில் அது குறை. தட்டு எந்த வீட்டில், எந்தக் கிளப்பில் ஒலித்தது என்று சொல்லும் ஒரே சான்று அதுவாக இருக்கையில், நீலகிரியைப் பொறுத்தவரை அதைக் குறையாகக் கொள்வது பொருந்தாது. இதைவிடப் பெரிய அநீதி நாடக செட்டுக்கு நடக்கிறது. வண்ண உறை கொண்ட ஆங்கில எல்.பி. கடையின் முகப்பில் நிற்க, பழுப்புக் காகிதத்தில் சுற்றிய தமிழ்த் தட்டுகள் ஒன்றிரண்டாகப் பிரித்து விற்கப்படுகின்றன. பிரபலப் பாடல் உள்ள தட்டை ஒருவர் வாங்கிச் செல்ல, வசனம் மட்டும் உள்ளவை தேங்கிவிடுகின்றன. இவ்வாறு பிரிப்பது விற்பனை என்று சொல்லத்தக்கதன்று, அது நாடகத்தைச் சிதைப்பதே. ‘ஓக்லஹோமா!’வின் பதிவு எத்தனையோ மறுபதிப்புகளில் கிடைக்கிறது. ஒரு தமிழ் நாடக செட்டின் மூன்றாம் தட்டு உடைந்தால், அதே பாகத்தை இன்னொரு பெட்டியில் கண்டுபிடிக்கும்வரை கதை அந்த இடத்தில் அறுந்தே நிற்கும்.

இதனால் சில திரட்டாளர்கள் விற்பனைப் பட்டியலுக்குப் பதிலாகக் குறைபட்டியல் ஒன்றை வைத்திருக்கின்றனர்: எந்த நாடகம், எந்த முத்திரை, எத்தனை பாகங்களில் எவை கையில் உள்ளன, எவை இல்லை என்று மேட்ரிக்ஸ் எண்ணோடு எழுதிய நோட்டுப் புத்தகம் அது. தட்டோடு அக்காலத்தில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் கிடைத்தால், விடுபட்ட பாகத்தில் என்ன இருந்தது என்பதாவது தெரியவரும். சென்னையில் 1994இல் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், மும்பையில் 1990இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுத் திரட்டாளர் சங்கமும் இத்தகைய ஒப்பீட்டுக்கு உதவும் இடங்கள். குன்னூரில் ஒருவரிடம் வள்ளி திருமண செட்டின் சில தட்டுகளும், கோத்தகிரியில் மற்றொருவரிடம் எஞ்சியவையும் உள்ளன. இருவருமே தங்கள் பங்கை விற்க இசையவில்லை. ஆயினும் தட்டுகளை ஒரே மேசைக்குக் கொண்டுவந்து, மூன்று மில் ஊசியில், சுருதி பார்த்து வேகம் திருத்தி, பாகம் ஒன்றிலிருந்து வரிசையாகக் கணினியில் பதிந்துகொள்ள இருவரும் ஒப்புக்கொண்டுள்ளனர். ஈரக் காற்றில் தட்டுகளை வெளியே எடுக்க விரும்பாததால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு அவ்வேலையை வைத்துக்கொள்வதென்று முடிவாகியிருக்கிறது.