தண்டவாளத்தோரத்துச் செடி

புனேக்கு மாற்றலாகி வந்து எட்டு வருஷங்கள் ஆகின்றன. குவார்ட்டர்ஸிலிருந்து கூட்ஸ் ஆபீஸுக்குத் தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில்தான் நாம் தினமும் நடந்து வந்தோம். அப்பாதையின் இருமருங்கிலும், கேரட் இலை போன்ற இலையும் சிறு வெண்பூக்களுமாக இடுப்பளவு வளர்ந்து நிற்கும் செடியை வாசகர்கள் அறிவார்கள். இவ்வூரார் ‘காஜர் கவத்’ என்பர். நம்மவர் பார்த்தீனியம் என்பர். அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1950-களின் நடுவில் இந்தப் புனேயில்தான் பெருகக் கண்டார்களாம். அதுவும் நம்மைப் போலவே வெளியிலிருந்து வந்து இங்கே வேரூன்றியது!

சென்ற மழைக்காலத்தில் நம் இமைகளும் கழுத்தும் முழங்கை மடிப்புகளும் சிவந்து தடித்து, இரவெல்லாம் அரித்தன. சோப்பை மாற்றினோம். கரப்பான் பண்டமென்று கத்தரிக்காயையும் கருவாட்டையும் விலக்கினோம். நண்பரொருவர் சொற்படி பூண்டை அரைத்துப் பூச, பூசிய இடம் வெந்து கொப்புளித்தது. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய களிம்பு நான்கு நாளில் குணம் காட்டிற்று. நிறுத்தியதும் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பிற்று. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். ஆனால் நான்கு வயதுப் பெண் நம் கழுத்தைக் கட்டிக்கொள்ள ஓடி வருகையில், “அப்பாவைத் தொடாதே, ஒட்டிக்கொள்ளும்” என்று அவள் தாய் தடுத்ததைப் பொறுக்க முடியவில்லை. நாமே பாயை முன்னறைக்கு மாற்றிக்கொண்டோம்.

தோல் வைத்திய நிபுணர் நம்மைக் கேட்ட கேள்வி விசித்திரமாயிருந்தது: “தடிப்பு தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பு எதைத் தொட்டீர்கள்?” சலவைச் சோடா போன்றவை அதிகம் பட்டால் யார் தோலையும் புண்ணாக்கும், அதில் மர்மமில்லை. ஒவ்வாமை வேறு வகை. ஒரு பொருளைப் பல வருஷம் சகித்த உடம்பு, ஒரு நாள் அதைப் பகையாகக் கொள்கிறது. பிறகு சிறிது பட்டாலும் போதும். ஆனால் தடிப்பு தோன்ற ஓரிரு நாள் செல்லும். ஞாயிறன்று வெறுங்கையால் கொல்லைச் செடிகளைப் பிடுங்கியவர் நாம். செவ்வாயன்று அரித்தபோது, செவ்வாய்க்கிழமைச் சாப்பாட்டின் மேல் பழி போட்டோம்!

முதுகில் பல பொருள்களைச் சிறு சிறு ஒட்டுகளாக ஒட்டி, 48 மணி நேரம் நீர் படாமல் வைத்திருந்து பார்த்தார்கள்; இரண்டு நாள் கழித்து மறுபடியும் பார்த்தார்கள். பார்த்தீனியம் வைத்த இடம் கொப்புளித்திருந்தது. சாமந்தி வைத்த இடமும் சிவந்திருந்தது. “இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது” என்றார் டாக்டர். வீட்டுப் படியேறியதும் நாம் சொன்ன முதல் வார்த்தை அதுவே. அன்றிரவு பாய் உள்ளே வந்தது.

இப்போது மேம்பாலம் வழியாகச் சுற்றிப் போகிறோம். பத்து நிமிஷம் அதிகம். முழுக்கைச் சட்டை. வீடு திரும்பியதும் முகம் கை கால் கழுவி உடுப்பை மாற்றுகிறோம். காய்ந்த செடியின் தூள் காற்றில் வந்தாலும் போதுமாகையால், தண்டவாளப் பக்கத்து ஜன்னல் மூடியே இருக்கிறது. களிம்பு, டாக்டர் எண்ணிக் கொடுத்த நாட்களுக்கு மட்டும். இமைக்கு வேறு, கழுத்துக்கு வேறு. கொல்லைச் செடியைப் பூக்குமுன்பே பக்கத்து வீட்டுத் தம்பி கையுறை அணிந்து பிடுங்கித் தருகிறார். முற்றும் குணமாகிவிட்டதென்று சொல்வதற்கில்லை. காற்றடிக்கும் நாட்களில் கழுத்து இன்னும் அரிக்கத்தான் செய்கிறது.

சாமந்தியும் அதே குடும்பத்துச் செடியாம். நவராத்திரிக்கு இம்முறை மல்லிகைச் சரம்தான் வாங்கினோம். வீட்டில் அது ஒரு குறை.