மாமியின் குளிசை

1995 அக்டோபர் 30 இரவு. கொட்டும் மழையில் வலிகாமமே நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. என் தோளில் கைக்குழந்தை, பக்கத்தில் மாமி. பால்மாவை மறக்காமல் எடுத்த நான், மாமியின் இருதயக் குளிசையை அலுமாரியிலேயே விட்டுவிட்டேன்!

மூன்றாம் நாள் சாவகச்சேரியில், "பிள்ளை, நெஞ்சு படபடவெண்டு அடிக்குது" என்றார் மாமி. பயமாக்கும் என்றிருந்தேன். மூச்சு வாங்கவே, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

நாடி பிடித்த டாக்டர், "துடிப்பு தாளம் தப்பி ஓடுது. இப்பிடியே விட்டால் இருதயத்துக்குள்ளே இரத்தம் உறைஞ்சு, மூளைக்குப் போய்ப் பாரிசவாதம் வரலாம். என்ன குளிசை போடுறவ?" என்று கேட்டார். "வெள்ளைக் குளிசை" என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெட்கத்தால் குன்றிப் போனேன். எப்படியோ மருந்து கொடுத்து மாமியைக் காப்பாற்றினார்கள்.

சகோதரிகளே, பயத்தில் அடிக்கும் நெஞ்சு பெரும்பாலும் ஒரே தாளத்தில்தான் விரையும். பெருவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்கள். பெரியவர்களுக்கு, ஓய்வில் 60 முதல் 100 வரை சரி. தாளம் தப்பினால் டாக்டரிடம் காட்டுங்கள். கூடவே மூச்சுத் திணறலோ மயக்கமோ நெஞ்சுவலியோ இருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள்.

வீட்டிலுள்ளோரின் மருந்துப் பெயரை எழுதிக் கைப்பையில் வையுங்கள். மாமி இன்று இல்லை. அவர் பெயரெழுதிய சீட்டு மட்டும் இன்னும் என் கைப்பையில் இருக்கிறது.