கொதிப்பும் காரணமும்

இஞ்சின் சூடாகிறது என்று சொல்வதில் தகவல் ஏதுமில்லை. சூடாவது அதன் தொழில். டீசலை எரித்துக் கிடைக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடுகிறது. மீதியைத் தண்ணீர் சுமந்துகொண்டு போய் ரேடியேட்டரில் காற்றிடம் கொட்டிவிட்டு, மறுபடி சுமக்கத் திரும்ப வேண்டும். இந்தச் சுமைகூலி வேலை எங்கோ தடைப்படும்போது முள் ஏறுகிறது. தடை காற்றிலா, தண்ணீரிலா, தண்ணீர் போகும் வழியிலா, அல்லது எரியும் வாயுவே தண்ணீருக்குள் புகுந்துவிட்டதா என்பதைப் பற்றி முள் எதுவும் சொல்வதில்லை. அதற்குத் தெரிந்தது ஓர் இடத்தின் சூடு மட்டும். ஹெட்டின் ஓரத்தில் திருகப்பட்ட சிறிய சென்சார், தன்னைத் தொடும் தண்ணீரின் சூட்டைச் சொல்லி அனுப்புகிறது. தண்ணீர் வற்றி அந்த மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் சென்சாரைத் தொட ஒன்றுமிராது. முள் இறங்கிவிடவும் கூடும். வண்டி சாகப்போகிற தருணத்தில் முள் ஆரோக்யம் காட்டும். (நம் பத்திரிகைகளில் வரும் மதிப்புரைகள் சிலவற்றை இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.)

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இந்த விவகாரத்துக்குள் நான் இழுக்கப்பட்டது மச்சினனின் பழைய டீசல் பிக்கப்பினால். பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு மளிகை ஏற்றிப்போய், திரும்புகையில் காரட்டும் பூண்டும் கொண்டு வருகிறவன் அவன். 60 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பகுதி ஏற்றம். சென்ற கோடையிலிருந்து பாதி மலையில் முள் சிவப்பைத் தொட ஆரம்பித்தது. ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி, அரை மணி காத்திருந்து, தண்ணீர் ஊற்றி மறுபடி ஏறுவது என்று ஒரு மாதம் சமாளித்திருக்கிறான். பிறகு ஒரு பட்டறையில் காட்டினான். பத்து நிமிஷத்தில் தீர்ப்புக் கிடைத்தது: ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கான செலவு அந்த வண்டியின் இன்றைய விலையில் கணிசமான பங்கு. பத்துப் பதினைந்து நாள் ஓட்டமும் கிடையாது. வண்டி மீது கடன் இருக்கிறது. தவணை 90 நாளுக்கு மேல் நின்றுபோனால் கணக்கு வாராக்கடனாகிவிடும் என்பது 2004இலிருந்து உள்ள விதி. அப்படி ஆகிப்போன கணக்குகளின் பட்டியலைத் தயாரிப்பது பல மாதங்களில் என் மேஜையில்தான் நடக்கிறது. 90 என்பதும் ஒரு முள். மழை பொய்த்ததா, கல்யாணமா, வண்டி பாதி மலையில் நின்றதா என்று அந்தப் பட்டியலில் ஒரு பத்தி கிடையாது.

பழனிக்கு வெளியே வேறொரு மெக்கானிக்கிடம் அவன் போனபோது நானும் கூடப் போனேன். வயதானவர். அரை மணி நேரம் அவர் பானெட்டைத் தொடவில்லை. கேள்வி மட்டும்.

“எப்ப சூடேறுது?”

“ஏத்தத்துலதான், அண்ணே.”

“ஊருக்குள்ள கூட்டத்துல நிக்கறப்ப?”

“அதெல்லாம் ஏறாது.”

“தண்ணி கொறையுதா?”

“கொஞ்சம் கொறையுது.”

“இறக்கத்துல?”

“முள்ளு எந்திரிக்கவே மாட்டேங்குது. காலைல எடுத்தாக்கூட ரொம்ப நேரம் அடியிலயேதான் கெடக்கும்.”

கடைசிப் பதிலில் அவர் தலை நிமிர்ந்ததைக் கவனித்தேன். காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. அதுவரை கேட்டவற்றின் தர்க்கம் சிக்கலில்லாதது. நிற்கும்போது சூடேறி, ஓடும்போது ஆறினால் குறை காற்றில்: ஃபேன், அதன் கிளட்ச். வண்டி ஓடும்போது காற்று தானாக வந்து மோதுவதால் ஃபேனின் சோம்பேறித்தனம் மறைந்துவிடும். மாறாக, பாரத்தோடு ஏறும்போது மட்டும் சூடேறினால் தண்ணீரின் ஓட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும்: அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த பம்ப். ஆறிய வண்டி ஸ்டார்ட் ஆன சில நிமிஷங்களிலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால்தான் கேஸ்கெட்டின் மீது முதல் சந்தேகம் போக வேண்டும். ஏனெனில் தண்ணீர் சூடாகி விரிவதற்கு முன்பே அங்கே அழுத்தம் இருக்கிறதென்றால் அது எரியும் அறையிலிருந்து வந்தாக வேண்டும். ஆக, ‘எவ்வளவு சூடு’ என்று அவர் கேட்கவே இல்லை. ‘எப்போது’ என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, இரவெல்லாம் ஆறிக் கிடந்த வண்டியின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கழுத்து வரை தண்ணீர் நிரப்பி, ஸ்டார்ட் செய்துவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கேஸ்கெட் விட்டிருந்தால் வாயு குமிழ் குமிழாக ஓயாமல் வரும். முதலில் தேங்கியிருந்த காற்று இரண்டு மூன்று குமிழாக வந்தது, பிறகு இல்லை. ஆயில் மூடியின் அடியில் பால் கலந்தது போன்ற படிவு இல்லை. ஹோஸ் வெகுநேரம் மெத்தென்றே இருந்தது. “கேஸ்கெட்டுக்கு எதிரா சாட்சி ஒண்ணும் இல்ல” என்றார். கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தை இவ்வளவு இயல்பாகக் கடைப்பிடிக்கிற ஒரு கட்டுரையை நம் வட்டத்தில் நான் படித்து நாளாகிறது.

பிறகு வண்டியை நன்றாகச் சூடேற்றி அணைத்துவிட்டு, ரேடியேட்டரின் முகத்தில் உள்ளங்கையை இடமிடமாக வைத்து எடுத்தார். என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். சற்றுத் தள்ளியே கையைச் சுட்டது, ஆனால் கீழே ஒரு பக்கம் குழந்தையின் நெற்றி போல வெதுவெதுப்பாக இருந்தது. அந்தக் குழாய்களில் தண்ணீர் போகவில்லை. பல வருஷமாக ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியதில் உப்புப் படிந்து அடைத்துவிட்டது. குடத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு. சமதரையில் பாதி ரேடியேட்டரே போதும், மலையில் போதாது.

மூடியின் ரப்பரும் இறுகியிருந்தது. இந்த மூடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கொடைக்கானல் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2100 மீட்டர். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஸ்பிரிங் வைத்த அந்த மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்துக் கொதிநிலையை 20 டிகிரி அளவுக்கு உயர்த்திக் கொடுக்கிறது. ரப்பர் போய்விட்டால், வண்டி ஏற ஏற கொதிநிலை இறங்கி வந்து தண்ணீரைப் பாதி வழியில் சந்திக்கும். மிகக் குறைந்த விலைச் சாமான் அது.

கடைசியாக, தெர்மோஸ்டாட் வால்வு இருக்க வேண்டிய கூட்டைத் திறந்தார். காலி. அவர் தலை நிமிர்ந்தது இதற்காகத்தான். இறக்கத்தில் முள் எழாததும் காலையில் அடியிலேயே கிடப்பதும் வால்வு இல்லை என்பதன் அடையாளம். அந்த வால்வுக்குள் மெழுகு இருக்கிறது. 80 டிகிரிக்குச் சற்று மேல் மெழுகு விரிந்து ரேடியேட்டருக்கு வழி திறக்கும். அதுவரை தண்ணீர் இஞ்சினுக்குள்ளேயே சுற்றும். பல இஞ்சின்களில் அதே வால்வின் அடித்தட்டு, ரேடியேட்டருக்குப் போகாமல் திரும்பும் குறுக்குவழியை அடைக்கவும் செய்கிறது. வால்வு தடை என்று நினைத்து அதைக் கழற்றி எறிந்தால், சுடுதண்ணீரில் ஒரு பகுதி ஆறாமலேயே குறுக்குவழியில் திரும்பிவிடும். முன்பு வண்டியை வைத்திருந்த யாரோ ஒருவரிடம், இதேபோல் சூடேறிய காலத்தில், யாரோ ஒருவர் செய்த வைத்தியம். அன்று ரேடியேட்டர் இவ்வளவு அடைத்திராததால் குணம் தெரிந்திருக்கும். அந்தத் தவறான நிதானிப்பு வருஷக்கணக்கில் வண்டிக்குள்ளேயே தங்கி, இன்றைய நோயின் ஓர் அங்கமாகிவிட்டது. ஒரு படைப்பாளிக்கு முப்பது வருஷத்துக்கு முன் விமர்சகர்கள் சொன்ன பரிகாரத்தை அவர் ஏற்றுக்கொண்டு எழுதியதன் விளைவைத்தான் நாம் இன்று அவருடைய சுபாவம் என்று விவரித்துக்கொண்டிருக்கிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. பெயர் சொன்னால் சர்ச்சை வேறு பக்கம் போய்விடும்.

மூன்று குறைகள் கைவசம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள் என்றான் மச்சினன். அவர் முதலில் மூடியை மட்டும் மாற்றி மலைக்கு அனுப்பினார். “எல்லாத்தையும் மாத்துனா வண்டி ஓடும் தம்பி. எதுனால ஓடுதுன்னு தெரியாது.” முள் வழக்கத்தைவிடச் சற்றுத் தள்ளிச் சிவப்பைத் தொட்டது. நான் அவருடைய ஒழுங்கில் மயங்கியிருந்தாலும், ஒன்றைச் சொல்ல வேண்டும்: இந்தப் பரிசோதனைக்கான டீசல் அவருடையதல்ல. பாதிப் பாரம் ஏற்றிப்போன நஷ்டமும் அவருடையதல்ல. இரண்டாம் கட்டத்தில், ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய அனுப்பியபோது, வால்வையும் கூடவே போட்டுவிடும்படி மச்சினன் பிடிவாதம் பிடித்தான். தவணைத் தேதி அவன் கண்முன் நின்றது. அவர் போட்டுக் கொடுத்தார். வண்டி பெருமாள்மலை வரை முழுப் பாரத்தோடு போயிற்று. முள் நடுவில் நின்றது, இறக்கத்திலும் அங்கேயே நின்றது. நாங்கள் சந்தோஷமாகப் போய்ச் சொன்னபோது அவர் முகத்தில் ஓர் அதிருப்தி. “ரெண்டுல எதுன்னு இனிமே சொல்ல முடியாது சார்” என்றார்.

இந்த அதிருப்தி என்னை விடவில்லை. முதல் பட்டறையின் தீர்ப்பை இதன் வெளிச்சத்தில் மறுபடி யோசித்துப் பார்த்தேன். ஹெட்டைத் திறக்கிறவனுக்குத் தோல்வியே கிடையாது. திறந்தால் பழைய கேஸ்கெட் எப்போதும் மோசமாகத்தான் தெரியும். திரும்ப மூட்டும்போது ரேடியேட்டரைக் கழுவுவான், புதுக் கூலன்ட் ஊற்றுவான், மூடி மாற்றுவான், வால்வு இல்லையென்றால் போடுவான். வண்டி மலை ஏறும். புகழ் கேஸ்கெட்டுக்குப் போகும். அடுத்த வண்டிக்கும் அதே தீர்ப்பு, இந்த முறை இன்னும் நிச்சயத்தோடு. அவன் மோசடிக்காரன் என்று நான் நினைக்கவில்லை. அவன் அனுபவம் முழுவதும் அவனை நிரூபித்துக்கொண்டே இருக்கிறது. பொய்ப்பதற்கு அது வாய்ப்பே கொடுப்பதில்லை.

‘எழுத்து’ 1959இலிருந்து 1970வரை வந்தது. செல்லப்பாவின் அலசலா, க.நா.சு.வின் ரசனையா என்ற வழக்கை இன்றும் நாம் வாரிசுரிமை வழக்குப்போல நடத்துகிறோம். என் எண்ணத்தில், அலசலில் நின்றது அதன் கோட்பாடு அல்ல. ஒரு கவிதையின் சொல் சொல்லாக நின்று, அலுப்பில்லாமல் திரும்பப் போன உழைப்பு. ரசனையில் நின்றதும் அதே உழைப்புத்தான். கையை எங்கே வைத்தேன் என்று அது சொல்லாமல் விட்டது. பிறகு ஃப்ராய்டு வந்தார், மார்க்ஸ் வந்தார், அமைப்பியல் வந்தது. ஒவ்வொருவரும் ஹெட்டைத் திறந்தார்கள். நல்ல கட்டுரைகள் கிடைத்தன, வாஸ்தவம். அவற்றை எழுதியவர் கவிதையை நாற்பது தடவை படித்திருந்தார். தண்ணீர் மாறியிருந்தது. பெயர் கேஸ்கெட்டுக்குப் போயிற்று.

இதனால் கோட்பாடே வேண்டாம் என்று ஒருவர் கிளம்பினால் அவரோடு நான் இல்லை. காற்று, தண்ணீர், வழி, வாயு என்ற ஜாபிதா மனசில் இல்லாதவனுக்கு உள்ளங்கையின் வெதுவெதுப்பு ஒன்றும் சொல்லியிராது. நானும்தான் கையை வைத்தேன். அவர் சொல்லும்வரை எனக்கு அது வெறும் தகரம். என் பிரச்னை வேறு. ஒரு கவிதை நிற்கவில்லை என்று நாம் எழுதும்போது ‘அனுபவம் இல்லை’, ‘உருவம் கூடவில்லை’, ‘மேற்கின் நிழல்’ என்கிறோம். இவற்றில் எது தவறு என்று தெரிய வேண்டுமானால் எதைப் பார்க்க வேண்டும்? கேஸ்கெட்டுக்குக் குமிழ் இருக்கிறது. ‘அனுபவம் இல்லை’ என்பதற்குக் குமிழ் எது?

கவிதையை ஒரு சாமானை மட்டும் மாற்றி மறுபடி மலைக்கு அனுப்ப முடியாது என்பார்கள். ஒரு தடவை ஒருவர் செய்து பார்த்திருக்கிறார். ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் மாணவர்களுக்கு, எழுதியவர் பெயரை மட்டும் எடுத்துவிட்டுக் கவிதைகளைக் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்ததைத் தொகுத்து ஆராய்ந்து 1929இல் புத்தகமாக்கினார். வகுப்பில் அதை வாசிக்கும் கலைக்கு முன்னோடி என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மூடியை மட்டும் மாற்றிய மனிதர் என்று யாரும் சொல்லவில்லை. நம் வட்டத்தில் அது நடக்காது. இருநூறு பேர், பெயரை எடுத்தாலும் நிறுத்தற்குறியை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவோம். நான் இப்போது செய்வது வேறு, சின்ன காரியம். ஒரு கவிதை நிற்கவில்லை என்று பட்டால் அதைக் கையால் பெயர்த்தெழுதுகிறேன், நான் குறை சொல்ல உத்தேசித்த ஒரே ஒரு விஷயத்தை நீக்கிவிட்டு: ஓர் உவமை, கடைசி மூன்று வரி, ஒரு சமஸ்கிருதச் சொல். இரண்டு நாள் கழித்துப் படிக்கிறேன். பெரும்பாலும் கவிதை முன்போலவே நிற்காமல் கிடக்கிறது. அப்படியானால் குறை அங்கே இல்லை. எழுதிவைத்த பத்தியைக் கிழிக்க வேண்டியதுதான். இப்படிச் செய்தால் ஒரு மதிப்புரைக்கு இரண்டு மாதம் ஆகிறது. ஆசிரியர் ஃபோனில் கோபிக்கிறார். காத்திருக்கும் கவிஞரின் டீசலைத்தான் நானும் எரித்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாமலில்லை.

பிக்கப்பில் தண்ணீர் இன்னமும் கொஞ்சம் குறைகிறது. எங்கும் கசிவு தெரியவில்லை. “கேஸ்கெட்டா இருக்குமோ?” என்று மச்சினன் கேட்டதற்கு, “இருக்கலாம். பம்ப்பு சீலா இருக்கலாம். பத்து ட்ரிப் போகட்டும்” என்று சொல்லி, பக்கவாட்டுத் தண்ணீர் பாட்டிலில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டார். காலையில் வண்டி ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும், நடுவில் ஊற்றக் கூடாது, ரொம்ப இறங்கினால் மட்டும் ஊற்றிக் கணக்கு வைக்க வேண்டும் என்பது உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சினன் ஃபோன் செய்து, “மச்சான், கோட்டுக்கு ஒரு விரக்கடை கீழ” என்கிறான். தேதியும் அளவும் ஒரு பழைய லெட்ஜர் தாளின் பின்புறத்தில் என்னிடம் இருக்கிறது. இதுவரை ஆறு ட்ரிப்.