அணி மாறிய அரக்கன்

இருபது முகங் கொண்ட பகடை ஒன்று உண்டு. கெலுகோரின் அடுக்குமாடி வீடுகளில், விடுமுறை நாள் மாலைப் பொழுதில், தமிழ் இளைஞர் சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து அதனை உருட்டுகின்றனர். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கற்பனை விளையாட்டு அது. அதில் தீய சக்திகள் இரு வகை. 'டீமன்' எனப்படுவோர் எந்த விதிக்கும் கட்டுப்படாத கூட்டத்தார். 'டெவில்' எனப்படுவோரும் தீயவரே. ஆயினும் பதவி வரிசையும் ஒப்பந்தமும் உடையவர். சொன்ன சொல்லின் எழுத்தைக் காப்பவர். இவ்விரு சாராருக்கும் இடையே முடிவில்லாத 'இரத்தப் போர்' ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது. தன் கூட்டத்தை வெறுத்த ஓர் அரக்கன் எதிரணியை நாடிச் சென்றால் என்ன ஆவான்? அவர்களுள் ஒருவனாகி விடுவானா? அவர்கள்தாம் அவனை நம்புவார்களா? இக்கேள்வியை இளைஞர்கள் இரவு நெடுநேரம் வாதிக்கின்றனர்.

வாதிக்கட்டும். அவர்களுடைய பாட்டன்மார் இதே கேள்வியைப் பகடையின்றியே வாதித்தவர்கள். அவர்கள் வாதித்த அரக்கனின் பெயர் வீடணன்.

தமிழ் மக்களின் நாவில் 'விபீஷணன்' என்பது வசைச்சொல். சங்கத்தில் பிளவு நேர்ந்தாலும், கோயில் நிருவாகத்தில் ஒருவர் எதிர்ப்பக்கம் சென்றாலும், முதலில் எழும் சொல் அதுவே. அதே மக்கள் இராமனைத் தொழுகின்றனர். இராமன் தம்பியாக ஏற்றுக்கொண்டவனை மட்டும் ஏசுகின்றனர். இம்முரண் வேடிக்கையானது. ஆயினும் அது வெறும் அறியாமை என்று தள்ளிவிடத் தக்கதும் அன்று. வீடணனைப் பற்றிய ஐயம் காப்பியத்துக்குள்ளேயே இருக்கிறது. கம்பர் அதனை மறைக்கவில்லை.

அவன் இரவோடு இரவாக ஓடிவிடவில்லை என்பதை முதலில் நினைவில் இருத்த வேண்டும். அரசவையில், அண்ணன் முகத்துக்கு நேராக, பிறன் மனைவியை விட்டுவிடு என்று கூறினான். மீண்டும் கூறினான். பின்னர்க் கதையாகவும் கூறினான். வால்மீகத்தில் இவ்விடத்தில் இல்லாத இரணியன் வரலாற்றைக் கம்பர் யுத்த காண்டத்தில் வீடணன் வாயில் வைத்து ஒரு படலமாகவே பாடியிருப்பது இதற்காகத்தான். அவுணன் மகனாய்ப் பிறந்தும் தந்தையின் வழியை மறுத்த பிரகலாதனை அண்ணனுக்கு எடுத்துக்காட்டாக நிறுத்தினான் தம்பி. இராவணனோ அக்கதையை அப்படியே திருப்பி எறிந்தான். தன்னைப் பெற்றவன் சாகக் கண்டும் மகிழ்ந்த பிரகலாதனுக்கு நீயே நிகர் என்றான். ஒரே கதை, ஒருவனுக்கு அது பக்தியின் வரலாறு, மற்றவனுக்குத் துரோகத்தின் வரலாறு. அணி மாறுதலைப் பற்றிய எல்லா வழக்கும் இவ்வொரு மறுமொழிக்குள் அடங்கிக் கிடக்கிறது.

நான்கு அமைச்சர் உடன்வர வீடணன் கடலைக் கடந்தான். சேது அப்போது கட்டப்படவில்லை. (கெலுகோர்க் கரையில் 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் நீளப் பாலத்தில் நாள்தோறும் பெருநிலத்துக்குப் போய் வருவோர்க்கு, பாலமில்லாக் கடலைக் கடந்தவன் திரும்பி வருதல் அரிது என்பது எளிதில் தோன்றாது.) வானர வீரர் அவனைக் கண்டதும் அடிக்கவே எழுந்தனர். இராமன் கருத்துக் கேட்டபோது சுக்கிரீவன் ஏற்கலாகாது என்றான். சாம்பவனும் நீலனும் அவ்வாறே கூறினர். அண்ணனை விட்டு வந்தவன் நாளை நம்மையும் விடமாட்டானா என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அண்ணன் வாலியைக் கொல்வித்து அரசு பெற்ற சுக்கிரீவனே இதனைச் சொல்லுகிறான் என்பதைக் கண்டு, கற்போர் மெல்ல நகைப்பது உண்டு.

அனுமன் ஒருவன் மட்டும் வேறு கூறினான். அவன் கூறியது அறநூற் கருத்து அன்று. கண்ணால் கண்ட செய்தி. இலங்கையில் வீடணன் மனையில் கள்ளும் ஊனும் இல்லாமையைக் கண்டான். தூதனாகிய தன்னைக் கொல்ல இராவணன் ஆணையிட்டபோது தடுத்தவன் அவன் என்பதை அறிந்தான். அவன் மகள் திரிசடை சீதைக்குத் துணையாய் இருந்ததையும் அறிந்தான். வருபவனுடைய வாய்ச்சொல்லை விட்டு, அவன் வருவதற்கு முன்னர் வாழ்ந்த வீட்டைப் பார்த்தான் அனுமன். கட்சி மாறி வருவோரை மாலையிட்டு வரவேற்கும் தலைவர்களுள் இவ்வளவு பார்ப்பவர் எத்தனை பேர்?

இராமன் ஏற்றான். குகனொடு ஐவராய், சுக்கிரீவனொடு அறுவராய் இருந்த உடன்பிறப்பு இவனோடு எழுவர் ஆயிற்று. இலங்கை அரசையும் அவனுக்கே உரித்தாக்கினான். பரதனுக்குச் சூட்டிய முடியையே, அஃதாவது திருவடி நிலையையே, தனக்கும் சூட்டுமாறு வீடணன் வேண்டியதாகக் கம்பர் பாடுகிறார். இவ்விடத்தில் கம்பர் வீடணனைக் காக்க முயல்கிறார் என்றே தோன்றுகிறது. ஏனெனில் அண்ணன் உயிரோடு இருக்கும்போதே தம்பிக்கு அண்ணன் நாடு பேசப்பட்டுவிட்டது. அதன்பின் இலங்கையின் அரண்களையும் படைகளையும் விளக்கியவனும் அவனே. நிகும்பலையில் இந்திரசித்து செய்யும் வேள்வியை வெளிப்படுத்தி, அதனைக் கலைக்கச் செய்தவனும் அவனே. அண்ணன் மகன் அவனைக் களத்தில் இழித்துரைத்தபோது, அச்சொற்களில் உண்மை இல்லை என்று யாரும் கூறிவிட முடியாது.

இந்த இடத்தைப் பற்றிக்கொண்டுதான் சென்ற நூற்றாண்டில் தன்மான இயக்கத்தார் வாதிட்டனர். 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது வந்திறங்கிய துறை பினாங்கு. இராமாயணத்தைப் பற்றிய புதிய கேள்விகள் இத்தீவுக்கு அந்நியமானவை அல்ல. 1943இல் அறிஞர் அண்ணா, ரா.பி. சேதுப்பிள்ளையோடும் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் கம்பராமாயணம் குறித்துச் சொற்போர் நிகழ்த்தினார். 1946இல் புலவர் குழந்தை இராவணனைத் தலைவனாக்கி 'இராவண காவியம்' இயற்றினார். அந்நூல் 1948இல் தடை செய்யப்பட்டு, 1971இல் தடை நீங்கப் பெற்றது. இலங்கையின் பக்கம் நின்று பார்த்தால் வீடணன் வேறு எவ்வாறு தோன்றுவான்? அக்கேள்வியைக் கேட்டது குற்றமன்று.

ஆயினும் அவ்வாதத்தில் பலரும் விரைந்து கடந்துபோன ஒரு காட்சி உண்டு. அஃது கும்பகருணன் களம் புகுந்த காட்சி.

கும்பகருணனும் அவையில் இராவணனைக் கண்டித்தவன்தான். உறக்கத்தினின்று எழுப்பப்பட்டபோதும் சீதையை விட்டுவிடு என்றே கூறினான். அறம் எது என்பதில் தம்பியர் இருவருக்கும் வேற்றுமை இல்லை. ஒருவன் அதற்காகக் கடலைக் கடந்தான். மற்றவன் அதை அறிந்துகொண்டே தோற்கும் பக்கத்தில் நின்றான். அவனையும் அழைத்துவர வீடணன் அனுப்பப்படுகிறான். தம்பி வரக் கண்டதும் கும்பகருணன் மகிழவில்லை, திடுக்கிட்டான். நீ ஒருவனாவது பிழைத்தாய் என்று ஆறியிருந்தேனே, நீயும் திரும்பி வந்துவிட்டால் இறந்துபோகும் எங்களுக்கு நீர்க்கடன் செய்ய யார் இருக்கிறார்கள் என்று பதறினான். தம்பி சென்றதை அவன் துரோகமாகக் கருதவில்லை. குலத்துக்குக் கிடைத்த ஒரே எச்சமாகக் கருதினான்.

வீடணன் அழைத்தான், அவன் மறுத்தான். நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலமும் பூட்டி அனுப்பியவனுக்கு உயிர் கொடுக்காமல் அப்பால் போகேன் என்றான். ஆனால் தம்பியைப் போ என்றான். வருந்தாதே என்றும் கூறினான். இருவரும் தழுவி அழுது பிரிந்தனர். பின்னர், உறுப்பிழந்து வீழும் நேரத்தில், அவன் இராமனிடம் கேட்ட வரங்களுள் ஒன்று, என் தம்பியை இராவணன் கொல்லாமல் காத்துக்கொள் என்பது. எதிரியிடம் போய்ச் சேர்ந்தவனுக்காக, எதிரியிடமே அடைக்கலம் வேண்டினான்.

இது காப்பியத்தில் மட்டும் நிகழ்வதன்று. கெலுகோரில் உடன்பிறந்தார் இருவர் ஒரே கோயில் நிருவாகத்தில் இருந்தனர். இளையவர் தமிழாசிரியர். கணக்கை வாசிக்குமாறு கூட்டத்தில் கேட்டார், வாசிக்கவில்லை. விலகி மறுதரப்போடு சேர்ந்தார். "தம்பி, நீயும் விபீஷணன்தானா?" என்று அனைவர் முன்னிலையிலும் கேட்டார் மூத்தவர். "அண்ணே, மூன்று கூட்டத்திலே கேட்டேன். நாலாவது கூட்டத்திலேதான் எழுந்தேன்" என்றார் இளையவர். அதன்பின் இரு வீட்டாருக்கும் போக்குவரத்து இல்லை. பல மாதங்கள் சென்று, மறுதரப்பின் தலைவரைச் சந்தையில் கண்ட மூத்தவர், மீன் வாங்குவதை நிறுத்திவிட்டு, "அவனுக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. கூட்டத்திலே நெடுநேரம் நிற்க வைக்காதீங்க" என்று மட்டும் கூறிச் சென்றார். இளையவருக்கு இச்செய்தி நெடுங்காலம் தெரியாது.

அண்டை நாட்டார் வீடணனைக் கண்ட விதமும் அறியத் தக்கது. மலாய் மொழியின் 'ஹிகாயத் ஸ்ரீ ராமா'வில் அவன் பிபுசானம். தாய்லாந்தின் 'ராமகியன்' அவனைப் பிபேக் என்னும் சோதிடனாக்கிற்று. அரசன் கண்ட தீக்கனவுக்கு உண்மைப் பொருள் சொன்னதே அவன் நாடு கடத்தப்படக் காரணம். இலங்கையிலோ களனி விகாரையில் அவன் காவல் தெய்வம். 15ஆம் நூற்றாண்டில் தொட்டகமுவே ஸ்ரீ ராகுலர் இயற்றிய பூவைவிடு தூது அவனை நோக்கியே செல்லுகிறது. எந்த மண்ணைக் காட்டிக் கொடுத்தான் என்று பிறர் ஏசுகின்றனரோ, அந்த மண்ணே அவனைக் காவலுக்கு வைத்திருக்கிறது.

விளையாட்டு மேசையில் எழுந்த கேள்விக்கு வருவோம். அணி மாறிய அரக்கன் வேறு பிறவி ஆகிவிடுவதில்லை. இராமன் பக்கம் நின்ற நாளெல்லாம் வீடணன் அரக்கனாகவே இருந்தான். இராவணன் தம்பியாகவும் இருந்தான். இராவணன் வீழ்ந்தபோது அவன் உடல்மேல் விழுந்து புலம்பினான். பகை சாவோடு முடிந்தது, செய்ய வேண்டிய கடனைச் செய் என்று இராமன் பணித்தான். மண்டோதரியும் கணவன் மார்பிலேயே உயிர் நீத்திருந்தாள். இருவருக்கும் வீடணன் எரியூட்டினான். கும்பகருணன் சொல்லியிருந்தபடியே, நீர் சொரிய அவன் ஒருவன்தான் எஞ்சியிருந்தான்.