ஐந்து மணிக் கூட்டம்

கள்ளக்குறிச்சியில் மனு எழுத வேண்டுமென்றால் என்னிடம் வருவார்கள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு எதுவானாலும் சரி. தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். கையெழுத்து மணிமணியாக இருக்கும். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று எதையும் விடமாட்டேன். 'சார் எழுதினால் காரியம் நடக்கும்' என்று நாலு பேர் சொல்வதில் எனக்கு ஒரு ருசி உண்டு. அந்த ருசிக்காக ஒரு பொய் எழுதினேன். இரண்டே வரிப் பொய். வெகுநாள் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

விஷயம் பஸ் ஸ்டாண்டு. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. கலெக்டர் வந்தார், எஸ்.பி. வந்தார், சிறுவங்கூரில் மருத்துவக் கல்லூரி வந்தது. ஊர் மாவட்டத் தலைநகராகிவிட்டது, பஸ் ஸ்டாண்டு மட்டும் தாலுகா தலைநகராகவே நின்றுபோனது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் அங்கே ஒரு வண்டி திரும்பி வெளியே வருவதைப் பார்த்தால் டிரைவருக்குக் கோயில் கட்டத் தோன்றும். அதனால் ஊருக்கு வெளியே, புறவழிச்சாலைப் பக்கம், பெரிதாக ஒரு புதிய நிலையம் என்ற பேச்சு அடிபட்டபோது எனக்குச் சந்தோஷம்.

எல்லோருக்கும் இல்லை. பழைய நிலையத்தைச் சுற்றி டீக்கடை, பழக்கடை, லாட்ஜ் வைத்துப் பிழைப்பவர்களுக்கு அடிவயிறு கலங்கியது. சென்னையைக் காட்டினார்கள். பாரிமுனையில் இருந்தது 2002இல் கோயம்பேட்டுக்குப் போனது. அங்கிருந்து 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம். 'இங்கேருந்து கிளாம்பாக்கம் போயிடலாம் சார், அங்கேருந்து பெரம்பூர் போறதுக்குள்ளே உசுரு போவுது' என்றார் ஒரு ஜவுளிக்கடைக்காரர். கொஞ்சம் மிகைதான். ஆனால் பையோடும் பிள்ளையோடும் அங்கே இறங்கிய யாரும் மறுக்கமாட்டார்கள்.

இரு தரப்பையும் உட்காரவைத்து ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தி, வருகிற கருத்தை மனுவாக்கிக் கொடுப்பது என்று நாங்கள் ஏழு பேர் முடிவு செய்தோம். ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு. அரசு கூட்டும் கூட்டமாக இருந்தால் விதி இருக்கும். சுற்றுச்சூழல் அனுமதிக்கான கருத்துக் கேட்பு என்றால் 2006ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும், திட்டம் வரும் இடத்திலோ பக்கத்திலோ கூட்ட வேண்டும். எங்களைக் கேட்க அப்படி ஒரு விதியும் கிடையாது. நான் கொடுத்தது ஆறு நாள்.

மண்டபம் பேசினேன், மைக் செட் சொன்னேன், போண்டாவுக்கும் டீக்கும் ஆள் பிடித்தேன். வணிகர்கள், வழக்கறிஞர்கள், டாக்டர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், ஓய்வூதியர்கள் என்று அழைப்புப் பட்டியல் நீண்டது. ஞாயிறு காலை என்றால் கறிக்கடை நாள், மதியம் என்றால் தூக்கம். எல்லோருக்கும் தோதாக மாலை ஐந்து மணி என்று குறித்தேன். அந்த 'எல்லோருக்கும்' என்ற சொல்லை எவ்வளவு நிம்மதியாகப் போட்டேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது.

நோட்டீஸைப் பஸ் ஸ்டாண்டில் ஒட்டப் போனபோது டைம் கீப்பர் படித்துப் பார்த்துவிட்டு, "அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சா மலைக்காரங்க எப்படி சார் வருவாங்க? அவங்களுக்குக் கடைசி வண்டி போயிடுமே" என்றார். காச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலையேறும் வண்டிகள் பல ஊர்களுக்குப் பொழுது சாய்வதற்கு முன்பே முடிந்துவிடும். அதை விட்டவர்கள் ராத்திரி முழுக்கச் சிமெண்ட் பெஞ்சில்தான்.

எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. 1984இலிருந்து நாலு வருஷம் அந்த மலைமேல் ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை பார்த்தவன் நான். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்களாகக் கிடந்த கல்வராயன்மலை 1976இல்தான் அரசின் கைக்கு வந்தது. நான் போனபோது அது எட்டு வயது மலை. தந்தை பெரியார் போக்குவரத்துக் கழக வண்டி ஒன்று இருட்டும்போது வந்து, ராத்திரி அங்கேயே நின்று, விடியலில் கிளம்பும். ஹால்ட் வண்டி என்போம். சனிக்கிழமை அதை விட்டுவிட்டால் எனக்கு அந்த வாரம் வீடு கிடையாது. ஒரு மழை ராத்திரியில் வலி கண்ட பெண்ணைக் கட்டிலோடு தூக்கிவந்து, தூங்கிக்கொண்டிருந்த டிரைவரை எழுப்பினார்கள். அவர் டெப்போவைக் கேட்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. வண்டியை எடுத்துவிட்டார். பின்சீட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். கூரை ஒழுகியது.

அந்த மனிதன்தான் டைம் கீப்பரிடம், "அவங்க எங்கங்க கூட்டத்துக்கெல்லாம் வரப் போறாங்க?" என்றான்.

நோட்டீஸ் அச்சாகிவிட்டது, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்பதெல்லாம் உண்மை. ஆனால் காரணம் அதுவன்று. அவர்கள் வந்தால் கூட்டம் நீளும், பேச்சு வேறெங்கோ போகும், தொகுத்து எழுதுவது எனக்குச் சிரமம். இதுதான் மனசுக்குள் ஓடியது. ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. ஒரு சபைக்கு முன்கூட்டியே எழுதிப் போட்டுவிட்டு நானே வண்டியேறி வெள்ளிமலைக்கோ சேராப்பட்டுக்கோ போயிருக்கலாம். அது தோன்றவே இல்லை. இத்தனைக்கும் 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகு, கல்வராயன்மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தபோது, பேப்பரை மடித்து வைத்துவிட்டு, 'இப்பவாவது கேட்டாங்களே' என்று தெருவில் நாலு பேரிடம் பெருமூச்சு விட்டவன் நான்.

கூட்டம் நன்றாக நடந்தது. அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். கடை ஏலம், முன்வைப்புத் தொகை, டூவீலர் ஸ்டாண்டு, ஆட்டோ நிறுத்தம், பழைய இடத்தை டவுன் பஸ்ஸுக்கு விடுவது என்று இரண்டரை மணி நேரம். ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் மட்டும் கழிப்பறைக்கு ராத்திரியிலும் தண்ணீர் வருமா என்று கேட்டார். அன்றைக்கு எழுந்த கேள்விகளிலேயே உருப்படியானது அதுதான். அதற்குக் கைதட்டல் இல்லை.

மறுநாள் மனு எழுத உட்கார்ந்தேன். மூன்று பக்கம் வந்தது. படித்துப் பார்த்தால் கடைக்காரர்கள் சங்க மனு போலிருந்தது. கனம் போதவில்லை. என்ன சேர்த்தால் கனம் வரும் என்று யோசித்தபோதுதான் அந்த இரண்டு வரி வந்தது. 'கல்வராயன்மலைப் பகுதிப் பழங்குடி மக்களும் திரளாகக் கலந்துகொண்டு இத்திட்டத்தை வரவேற்றனர். அவர்தம் கோரிக்கைகளும் இம்மனுவில் அடங்கும்.' 'அவர்தம்' என்று போட்டதில் ஒரு திருப்தி வேறு. ஏழு பேரும் கையெழுத்திட்டோம். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்று பிரதி எடுத்து கலெக்டர் அலுவலகம், நகராட்சி, போக்குவரத்துக் கழகம் என்று கொடுத்தாயிற்று.

மாதம் ஒன்று போயிருக்கும். மலையில் என்னிடம் படித்த பையன் வீட்டுக்கு வந்தான். பையன் என்ன, அவனுக்கே பேரப்பிள்ளை இருக்கிறது. திண்ணையில் உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே இருந்தான்.

"நாங்க திரளா வந்தோம்னு எழுதியிருக்கீங்களாம். யார் சார் வந்தது?"

"அது பொதுவா எழுதறதுப்பா" என்றேன். இரண்டாவது பொய்.

"புது பஸ் ஸ்டாண்டு வேணாம்னு நாங்க சொல்லலை சார். கேட்டிருந்தா நாலு விஷயம் சொல்லியிருப்போம்."

சொன்னான். மலை வண்டி புறவழிச்சாலையில் நின்றுவிட்டால் பலாப்பழமும் மூட்டையுமாக இறங்குகிற பெண்பிள்ளைகள் மார்க்கெட்டுக்கு இன்னொரு வண்டி ஏற வேண்டும், சுமைக்குத் தனியாகக் காசு. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கும் அதே கதை. அந்த மறுவண்டிக்குக் காத்திருந்தால் திரும்பிப் போகிற கடைசி வண்டி தப்பிவிடும். அதனால் மலை வண்டி ஊருக்குள் வந்து போக வேண்டும், இல்லாவிட்டால் கடைசி வண்டியை ஒரு மணி நேரம் தள்ள வேண்டும். வண்டியை விட்டவர்கள் படுக்க, பெண்களுக்குத் தனியாக ஓர் அறை வேண்டும். நாலும் நாலு வரியில் அடங்கும். எனக்கு மூன்று பக்கம் தேவைப்பட்டிருந்தது. சொல்லி முடித்துவிட்டு, "வண்டிக்கு நேரமாச்சு சார்" என்று கிளம்பினான். டீ ஆறிப்போயிருந்தது.

திருத்த மனு எழுத ஒன்பது நாள் ஆனது. முதல் வரைவில் 'தவறுதலாக' என்று எழுதினேன். இரண்டாவதில் 'கவனக்குறைவால்'. நாற்பது வருஷம் மனு எழுதியவனுக்கு எந்தச் சொல்லுக்குப் பின்னால் ஆள் ஒளிந்துகொள்ளலாம் என்று தெரியும். நாலாவது வரைவில்தான் 'தெரிந்தே' என்ற சொல் வந்தது. அவன் சொன்ன நாலு விஷயத்தையும் அவன் சொன்னபடி கீழே சேர்த்தேன். கூட இருந்த ஆறு பேரும் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். 'ஊரைச் சந்தி சிரிக்க வைக்காதீங்க சார்' என்றார் ஒருவர். நான் மட்டும் கையெழுத்திட்டு, ஒரு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்ப்புக் கூட்டத்தில் வரிசையில் நின்று கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்தேன். ரசீது வாங்கி வைத்திருக்கிறேன்.

மற்ற இரண்டு அலுவலகங்களிலும் என்னைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், 'சார்' என்று எழுந்து நாற்காலி போடுகிறவர்கள். அங்கே இன்னும் போகவில்லை. அந்த இரண்டு பிரதியிலும் அந்த இரண்டு வரி என் கையெழுத்தில் அப்படியே இருக்கிறது.